வள்ளித்தாய் விதைத்த ஒரு குரோஸ் அவரை

என் பெண்டாட்டி வள்ளித்தாய்க்குக் காத்திருக்கத் தெரியாது. இதை யாரும் அவளிடம் போய்ப் போட்டுக்கொடுக்க வேண்டாம். நானே நேரில் நூறு தடவை சொல்லி, நூறு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பால் பொங்கும்வரை அடுப்பு முன்னால் சும்மா நிற்க மாட்டாள், விறகைத் தள்ளித் தள்ளியே பொங்க வைத்துவிடுவாள். நான் ஒரு விஷயம் சொல்ல வாயைத் திறந்தால் முடிவை அவளே சொல்லிவிடுவாள். பத்துக்கு எட்டுத் தடவை தப்பாகத்தான் இருக்கும். ஆனாலும் சொல்லிவிடுவாள்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. எங்கள் ஊர் ஆமத்தூருக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பதினைந்து வருஷமாகத் தரைச்சக்கரம் சுற்றுகிறாள். மருந்து அடைத்த மெல்லிய காகிதக் குழாயை வட்டமாகச் சுருட்டி, நுனியில் பசை தொட்டு ஒட்டிப் போட வேண்டும். நூற்று நாற்பத்து நாலு சேர்ந்தால் ஒரு குரோஸ். எத்தனை குரோஸோ அதற்குத்தான் கூலி. மற்றவர்கள் ஒன்று சுற்றுவதற்குள் இவள் இரண்டைச் சுற்றி மூன்றாவதைக் கையில் எடுத்திருப்பாள். கம்பெனியில் அவளுக்கு 'மிசின்' என்றே பேர். அந்தக் கை வீட்டுக்கு வந்த பிறகும் நிற்காது, அதுதான் தொந்தரவு.

நான் சங்கிலிமுத்து, டெம்போ டிரைவர். சிவகாசியில் கலர் அச்சடித்த அட்டைப் பெட்டிகளை ஏற்றி, சுற்றுவட்டாரக் கம்பெனிகளில் இறக்குவது என் வேலை. வண்டி எங்கள் ஊர்க் காளிராஜ் அண்ணாச்சியுடையது. எனக்குக் கை நிதானம். வாய்தான் கொஞ்சம் சூடு. எங்கள் வீட்டில் சண்டை எப்படி வரும் என்று இதற்கு மேலும் நான் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டாயிரத்து ஐந்து வைகாசியில், லோடு மேல் ஏறிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தவன் பிடி நழுவிக் கீழே விழுந்தேன். இடது மணிக்கட்டு போய்விட்டது. விருதுநகரில் மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆடி பிறந்ததும் கட்டைப் பிரித்தபோது, உள்ளேயிருந்து வந்தது என் கை மாதிரியே இல்லை. வெளுத்து, மெலிந்து, மணிக்கட்டு மடங்காமல், விரல்கள் பாதிக்கு மேல் மூடாமல் கிடந்தது. டெம்போவில் கியர் போடுவது இடது கைதானே? கியர் கம்பியைப் பிடிக்கிற மாதிரி விரலை மடக்கிப் பார்த்தேன், மடங்கவில்லை.

கைக்குப் பயிற்சி சொல்லித்தரும் டாக்டரம்மா, "எலும்பு நல்லா சேந்துருச்சு. இனிமே கையை வேலை வாங்கணும். ஆறு மாசம் ஆகும், அவசரப்படக் கூடாது" என்றார். அமுக்கிப் பிடிக்க ஒரு ரப்பர் பந்தும் கொடுத்தார்.

வள்ளித்தாய் கேட்டாள்: "ஆறு மாசத்த நாலு மாசமா ஆக்க முடியாதாம்மா?"

அந்தம்மா சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

காளிராஜ் அண்ணாச்சி வீட்டுக்கு வந்து கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நல்ல மனுசன். "ஏலே சங்கிலி, தை பொறக்கிற வரைக்கும் வண்டிய நானே ஓட்டிக்கிறேன். அதுக்குப் பெறவும் கை வரலைன்னா வேற ஆளு போடணும்லே. எனக்கும் அறுவது ஆச்சு, இடுப்பு தாங்காது" என்றார். நியாயமான பேச்சு. எனக்கு வண்டி ஓட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது. ஆகவே தைக்குள் கை வந்தாக வேண்டும். எங்கள் வீட்டில் அந்த ஆறு மாசமும் வேறு பேச்சே கிடையாது.

தோட்டம் போடும் யோசனை வள்ளித்தாயுடையதுதான். வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லுக்கும் சுவருக்கும் நடுவில் நாலு கட்டில் போடும் அளவுக்கு இடம் கிடந்தது. "நீங்களும் வீட்ல சும்மா உக்காந்து எரிஞ்சு எரிஞ்சு விழுறீக. அங்கன அவரை போடுவோம். கொத்துறது, களை எடுக்கிறதுன்னு கைக்கும் வேலை, உங்களுக்கும் பொழுது போகும்" என்றாள். எனக்கும் சரி என்று பட்டது. மண்வெட்டியை இரண்டு கையாலும் பிடித்து, இடது விரல்களைக் காம்பைச் சுற்றி ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டிருந்தேன்.

"அட, குடுங்க இங்கிட்டு" என்று பிடுங்கி, காபி ஆறுவதற்குள் மொத்த இடத்தையும் அவளே கொத்திப் போட்டுவிட்டாள்.

மறுநாள் விருதுநகர் பஜாரில் விதை வாங்கி வந்தாள். நான் எட்டிப் பார்த்தபோது குனிந்துகொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டே விதை ஊன்றிக்கொண்டிருந்தாள். நூற்று நாற்பத்து மூன்று, நூற்று நாற்பத்து நாலு. நிமிர்ந்து கையைத் தட்டினாள்.

"ஒரு குரோஸ் போட்டாச்சு" என்றாள்.

"அடி பாதகத்தி! இந்த இடத்துக்கு ஆறு கொடி தாங்கும். நூத்திநாப்பத்திநாலா?"

"குரோஸ் கணக்குல போட்டாத்தாங்க எனக்கு மனசு ஆறும். குறைச்சலாப் போட்டா வேலை முடிஞ்ச மாதிரியே இல்ல."

இப்படி ஒரு விவசாயத்தை நீங்கள் எங்காவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? விதை என்ன, சக்கரமா?

அதோடு விட்டாளா? மூன்றாம் நாள் காலையில் எழுந்து போய்ப் பார்த்தால், மண்ணைக் கிளறி விதைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துக் கையில் வைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். "வால் விட்ருக்கான்னு பாத்தேன். முப்பதுக்கு விட்ருக்கு. மத்ததுக்கு ஊறியிருக்கு, அம்புட்டுத்தான்" என்று எனக்கு ரிப்போர்ட் வேறு. பார்த்ததைத் திரும்பப் புதைத்தாள். ஐந்தாம் நாளும் கிளறினாள். வால் விட்டதெல்லாம் ஒடிந்து போனது, பாதி அழுகிப் போனது. நான் கத்தினேன். அவளும் கத்தினாள். பக்கத்து வீட்டுப் பொன்னுத்தங்கம் சுவருக்கு மேல் தலையை நீட்டி, "அண்ணே, விதையத் தோண்டினதுக்கா இம்புட்டுச் சத்தம்? நான் கொலை விழுந்துருச்சோன்னு வந்தேன்" என்றாள். பொன்னுத்தங்கமும் வள்ளித்தாயும் ஒரே கம்பெனி, ஒரே வேனில்தான் போய் வருவார்கள்.

அப்படியும் அந்த மண்ணுக்குப் பெரிய மனசு. ஐம்பது, அறுபது முளைத்து வந்துவிட்டது. மிச்சத்தைப் பிடுங்கிவிட்டு ஆறை மட்டும் வைப்போம் என்றேன். முளைத்து வந்த பிள்ளைகளைப் பிடுங்குவேனா என்று கேட்டு, மாட்டவே மாட்டேன் என்றுவிட்டாள். ஆவணி முழுக்க அவை ஒன்றன் மேல் ஒன்று ஏறி அடித்துக்கொண்டன.

ஆவணி கடைசியில் இலை ஓரமெல்லாம் கருக ஆரம்பித்தது. துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் இருந்தவை முதலில், அப்புறம் நடுவில் இருந்தவை. வள்ளித்தாய்க்கு உடனே காரணம் தெரிந்துவிட்டது. கண் பட்டுவிட்டதாம். உப்பும் மிளகாய் வத்தலும் எடுத்து, அறுபது செடியையும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டாள். நெடி ஏறி நானும் இருமினேன், சுவருக்கு அந்தப் பக்கம் பொன்னுத்தங்கமும் இருமினாள். "ஏக்கா, கண்ணு வச்சது நாந்தேன்னு வச்சுக்கோ, போதும் நிப்பாட்டு" என்று அங்கிருந்தே கும்பிட்டாள்.

இலைகள் கருகிக்கொண்டேதான் இருந்தன. வேலை இல்லாதவனுக்குக் கண் கூர்மையாகும் போலிருக்கிறது. ஒரு மத்தியானம் சும்மா உட்கார்ந்து மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். செடி வேரடியில் மண் மினுமினு என்று இருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தேன். வெள்ளிப் பொடி. பட்டாசு மருந்தில் போடுகிற வெள்ளிப் பொடி. எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தினமும் சாயங்காலம் வேலைக்குப் போன சேலையை அலசுகிறாள். எங்கள் தெருவில் குழாய்த் தண்ணீர் நாலு நாளைக்கு ஒரு தடவைதான், அதனால் அலசின தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றியிருக்கிறாள். சேலையில் ஒட்டியிருந்த மருந்தெல்லாம் அவரைக்குப் போயிருக்கிறது.

சாயங்காலம் வந்ததும் மண்ணைக் காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை அவளுக்கு.

"அப்ப நாந்தேன் இத்தன நாளும் வெடி மருந்து குடுத்து வளத்திருக்கேனா?"

"தீவாளிக்குப் பத்த வச்சா பூ வரும்" என்றேன். சொம்பு என் தலைக்கு மேலே பறந்து போனது.

தண்ணீர் எட்டாத சுவரோரத்தில் ஆறு கொடி மட்டும் பிழைத்து நின்றது. நான் முதல் நாளே கேட்ட அதே ஆறு.

புரட்டாசியில் டாக்டரம்மா மறுபடி கையைப் பார்த்தார். மடக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார். முகம் மாறிவிட்டது. "ரெண்டு மாசமாச்சு, அப்படியேதானே இருக்கு? பந்து அமுக்குறீங்களா இல்லையா?"

"அமுக்குறேம்மா."

"வீட்டுல இந்தக் கையால என்னென்ன வேலை செய்யுறீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் வள்ளித்தாய் சந்தோஷமாக ஆரம்பித்தாள். "நான் ஒரு வேலையும் செய்ய விடுறதில்லம்மா. சட்டைப் பட்டன் நான்தான் போட்டு விடுறேன். கைலி நான்தான் கட்டி விடுறேன். துணி பிழியிறது, வாளி தூக்குறது, எல்லாம் நான்தேன். இவுக ஒரு பட்டன் போடுறதுக்குள்ள எனக்கு வேன் போயிரும்மா. பாக்கவே முடியாது. தோட்டத்துல கூட இவுக மம்பட்டிய எடுத்தா நான் வாங்கிருவேன்."

டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார். குரலை உயர்த்தாமல்தான் சொன்னார். "அம்மா, கோவிச்சுக்காதீங்க. இவரு கை சரியாகாம இருக்கிறதுக்கு ஒரே காரணம் நீங்கதான். இந்தக் கை கத்துக்கிறதுக்கு நீங்க விடவே இல்ல."

விருதுநகரிலிருந்து ஆமத்தூர் வரை பஸ்ஸில் வள்ளித்தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படி ஒரு பயணம் எனக்கு வாய்த்ததில்லை. நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை, ரொம்பப் பயமாக இருந்தது.

வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் நேரே பின்பக்கம் போனாள். ஆறு கொடியையும் கையை நீட்டிக் காட்டினாள். "இது உங்களது. இனிமே நான் தொட மாட்டேன். தண்ணி ஊத்துறது, களை எடுக்கிறது, கட்டி ஏத்துறது, எல்லாம் நீங்கதேன். இடது கையாலதேன் செய்யணும். காலையில பட்டனும் நீங்களே போடுங்க."

சொல்வது சுலபம். ஒரு சொம்புத் தண்ணீரை இடது கையால் தூக்க எனக்கு நாலு தடவை ஆகும். பாதி என் காலில் கொட்டும். களையை விரல் நுனியில் பிடித்தால் நழுவும், மறுபடி பிடித்தால் மறுபடி நழுவும். அவள் பின்வாசலில் நின்று பார்ப்பாள். பல்லைக் கடிப்பாள். முந்தானையைச் சுருட்டுவாள், பிரிப்பாள், சுருட்டுவாள். சக்கரம் சுற்றிய கை அல்லவா! ஒரு வாரம் பொறுத்தாள். எட்டாம் நாள் விடியற்காலையில் நான் எழுந்து போனால் மண் ஏற்கனவே நனைந்திருக்கிறது, ஒரு களை கிடையாது. ஒன்பதாம் நாளும் அப்படியே.

எனக்கு வந்ததே கோபம். "ஏ வள்ளி, எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? என் கைய விட உனக்கு அவரைக்காதேன் பெருசா?" என்று கத்திவிட்டேன்.

"எந்திரிச்சதும் கை அதுவாப் போகுதுங்க, நான் என்ன செய்ய?" என்றாள். பொய் சொல்லவில்லை, நிஜமாகவே அவளுக்குத் தெரியவில்லை. அன்றிலிருந்து சொம்பை என் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தேன்.

இதற்கு நடுவில் மழை விவகாரம் வேறு. எங்கள் பக்கத்தில் தீபாவளி முடிகிற வரைக்கும் மழை என்றால் யாருக்கும் ஆகாது. சீசன் நேரம், களத்தில் சரக்குக் காய வேண்டும், ஆர்டர் போக வேண்டும். வானம் கருத்தால் அத்தனை பேர் முகமும் கருக்கும். அந்த ஐப்பசியில் ஒருநாள் மேகம் திரண்டு வர, கம்பெனிப் பெண்கள் எல்லாம் சரக்கை அள்ளக் களத்துக்கு ஓடியிருக்கிறார்கள். இவள் மட்டும் நின்று அண்ணாந்து பார்த்துச் சிரித்திருக்கிறாள். அவரைக்கு ஒரு மழை விழுந்தால் நான் சொம்போடு மாரடிக்க வேண்டாமே என்று பார்த்தாளாம். பொன்னுத்தங்கம் பிடித்துக்கொண்டாள்.

"ஏக்கா, தீவாளிக்கு இன்னும் பத்து நாளு கூட இல்ல. மழையவா கூப்பிடுற? கம்பெனிக்காரரு காதுல விழுந்துச்சு, அம்புட்டுத்தான்."

"இங்கன பெய்யச் சொல்லலடி. எங்க வீட்டுக்குப் பின்னால மட்டும் பெய்யச் சொன்னேன்" என்றாளாம் இவள்.

தீபாவளி முடிந்தது, கம்பெனிக்கு லீவு விட்டார்கள். அப்புறம் பெய்தது பாருங்கள்! கேட்டதற்கும் சேர்த்து, கேட்காததற்கும் சேர்த்து. மூன்று நாள் விடவில்லை. தண்ணீர் தேங்கி மூன்று கொடி வேர் அழுகிப் போனது. குச்சியும் கயிறுமாக நான் ஒரு மாசம் கட்டிய பந்தல் சரிந்து, மிச்ச மூன்று கொடியும் சேற்றில் பின்னிக் கிடந்தன. அதில் ஒன்று நல்ல கனத்த கொடி, என் ஆளுயரம் போனது. வள்ளித்தாய்க்கு அதன் மேல்தான் கண்.

மழை விட்ட காலையில் நான் உட்கார்ந்து ஒவ்வொரு சுருளாகப் பிரிக்க ஆரம்பித்தேன். அவள் லீவில் இருக்கிறாள், போகவும் இடமில்லை. பின்னாலேயே நின்றாள். நான் முதல் சுருளைப் பிரித்தேன். இரண்டாவதைப் பிடித்தேன், நழுவியது. மறுபடி பிடித்தேன்.

"ஐயோ, இப்படி ஒண்ணொண்ணாப் பிரிச்சா மாசி வந்துரும். தள்ளுங்க!"

குனிந்து கனத்த கொடியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். அடியில் 'படக்' என்று சத்தம் கேட்டது.

கொடி முழுசாக அவள் கையில் வந்துவிட்டது. இலை அப்போதும் பச்சையாகத்தான் இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றாள். நான் திட்டுவதற்காக வாயைத் திறந்தவன், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன். சேற்றில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"செடி போனாப் போகுதுங்க. உங்க கையவும் நான் இப்படித்தேன பண்ணினேன்? ரெண்டு மாசத்த நாந்தேன தின்னுட்டேன்? தை வந்துருமே, கை வரலைன்னா அண்ணாச்சி வேற ஆளு போட்டுருவாரே" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். அவள் சண்டையில் அழுவாள், சாவு வீட்டில் அழுவாள். தன் மேல் தப்பு என்று அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். எனக்கு மனசு தாங்கவில்லை. அவள் இத்தனை நாள் பிடுங்கியதெல்லாம் எனக்காகப் பட்ட பரிதவிப்பு என்பது எனக்கு மட்டும் தெரியாதா?

"ஏ புள்ள, அழாத. இன்னும் ரெண்டு கொடி இருக்கு. தைக்கு இன்னும் ரெண்டு மாசமும் இருக்கு. நீ அந்தக் கல்லுல உக்காந்து சும்மா பாரு. பாக்கிறது மட்டுந்தேன் உன் வேலை" என்றேன்.

துவைக்கிற கல்லில் போய் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் கக்கத்துக்குள் இறுக்கி வைத்துக்கொண்டாள். நான் முதல் கொடியின் நுனியைத் தேடிப் பிடித்தேன். இடது கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் சணலை வைத்து, கம்பைச் சுற்றிக் கொண்டுவந்தேன். நழுவியது. எடுத்தேன். மறுபடி நழுவியது. அவள் மூச்சை இழுத்துப் பிடிப்பது எனக்குக் கேட்டது. ஆனால் எழுந்து வரவில்லை. எத்தனையாவது தடவையோ முடிச்சு விழுந்தது. உலையில் சோறு குழைந்து அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. அவள் அதற்கும் எழுந்திருக்கவில்லை. இரண்டு கொடியையும் நான் கட்டி ஏற்றி முடித்தபோது உச்சிப் பொழுது. அன்று தீய்ந்த சோறுதான் சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் மாறிவிட்டாள் என்று சொன்னால் நம்பாதீர்கள். கார்த்திகை முழுக்க ஒரு நாளைக்கு நாலு தடவையாவது "தள்ளுங்க" என்று சொல்லிவிடுவாள். சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு கல்லில் போய் உட்கார்ந்துவிடுவாள். அது போதாதா? லீவு முடிந்து கம்பெனி திறந்ததும் காலையில் வேன் ஆரன் அடிக்கும், நான் கடைசிப் பட்டனில் திணறிக்கொண்டிருப்பேன், அவள் வாசலில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாக நின்று அந்தப் பட்டன் ஏறுகிற வரைக்கும் பார்த்துவிட்டுத்தான் ஓடுவாள். "எக்கா, அண்ணன் பட்டன் போட்டாச்சா, போலாமா?" என்று வேனில் இருக்கிற அத்தனை பெண்களும் கேலி செய்வார்கள். எனக்கு வெட்கமாக இருக்கும். ஆனால் விரல் மூட ஆரம்பித்துவிட்டது.

மார்கழியில் பனி இறங்கியது. அவரைக்குப் பனிதான் சாமி. முதலில் வந்த பூங்கொத்தில் அசுவணிப் பூச்சி அடைந்து அத்தனையும் உதிர்ந்து போனது. அவள் செடியைத் தொடவில்லை. அடுப்புச் சாம்பலை அள்ளி வந்து என் இடது கையில் கொடுத்தாள். நான் தூவினேன். பத்து நாள் கழித்து மறுபடியும் ஊதா நிறத்தில் பூ வந்தது, இந்தத் தடவை நின்றது. பிஞ்சு விட்டதும் தினமும் குனிந்து பார்ப்பாள், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு. நூற்று நாற்பத்து நாலு விதைக்கு இரண்டு கொடி. அந்த இரண்டு கொடியில் காய்த்ததைத் தெருவில் பாதிப் பேருக்குக் கொடுத்தோம். பொன்னுத்தங்கம் வாங்கி மோந்து பார்த்து, "மருந்து வாடை ஒண்ணும் இல்லையேக்கா?" என்றாள்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் காளிராஜ் அண்ணாச்சி வந்தார். சாவியை என் கையில் வைத்தார். "சிவகாசிக்குப் போயி லோடு ஏத்திக் கம்பெனியில எறக்கிட்டு வா. கொண்டுவந்துட்டேன்னா வண்டி உனக்கு. முடியலைன்னா மனசுல வச்சுக்காதலே" என்றார்.

வள்ளித்தாய் வேலைக்குப் போகாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன், கேட்கிற ஆளா?

போகும்போது ஒன்றும் சிரமமில்லை. கிளம்பும்போது முதல் கியரை ஆற அமரப் போட்டுக்கொண்டேன், மூன்றாவது, நாலாவது எல்லாம் தள்ளினாலே விழுந்தது. லோடு ஏற்றித் திரும்பும்போதுதான் திருத்தங்கல் பக்கம் ரயில்வே கேட் மூடியிருந்தது. முதல் வண்டியாக நாங்கள் நின்றோம். பின்னால் மினி பஸ், லாரி, தீப்பெட்டி வேன், டூவீலர் என்று வரிசை நீண்டுகொண்டே போனது. ரயில் போனது, கேட் திறந்தது. நான் முதல் கியருக்குக் கம்பியை இழுத்துச் சாய்த்தேன். மணிக்கட்டு அந்தக் கோணத்துக்கு வரவில்லை. மறுபடி சாய்த்தேன். கம்பி நழுவி நடுவுக்கே வந்தது. பின்னால் ஒரு ஆரன், உடனே பத்து ஆரன். என் உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. ஆறு மாசமும் இந்த ஒரு இடத்தில் வந்து நிற்கிறதே என்று நினைத்தேன். கம்பி அவள் முழங்காலுக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. கையை நீட்டி ஒரு தட்டுத் தட்டினால் விழுந்துவிடும். அவளுக்கா அது பெரிய காரியம்?

மினி பஸ் கண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "ஏ டெம்போ! தூங்கிட்டியாலே?" என்று கத்தினான்.

வள்ளித்தாய் கதவைத் திறந்து இறங்கினாள். வண்டிக்குப் பின்னால் போய் நடு ரோட்டில் நின்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டாள்.

"என்னண்ணே இப்ப அவசரம்? ரயிலுக்கு இருவது நிமிசம் நின்னீகள்ல? எங்க வீட்டுக்காரருக்கு ரெண்டு நிமிசம் நிக்க மாட்டீகளா? அவுக கை இப்பத்தேன் பழகுது. போடுவாக. எல்லாரும் பேசாம பொறுங்க!"

கண்ணாடியில் பார்த்தேன். வரிசை முழுக்க ஆரன் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது. யார் யாரைப் பொறுக்கச் சொல்வது? சிரிக்கச் சிரிக்கத் தோளில் இருந்த இறுக்கம் விட்டது. கம்பியை உள்ளங்கையால் அணைத்து, மெதுவாகச் சாய்த்துத் தள்ளினேன். கியர் 'கடக்' என்று உட்கார்ந்தது.

தண்டவாளத்தைத் தாண்டி ஓரமாக நிறுத்தினேன். அத்தனை வண்டியையும் போக விட்டு, கடைசியாக அவள் நடந்து வந்து ஏறினாள். கண் கலங்கியிருந்தது. நான் மறுபடி முதல் கியரைப் போட்டேன்.

லோடை இறக்கிவிட்டுச் சாயங்காலம் சாவியை நீட்டியபோது அண்ணாச்சி வாங்கிக்கொள்ளவில்லை. சேதி அதற்குள் பஸ்ஸில் ஏறி ஆமத்தூருக்கு வந்துவிட்டது. "சாவி உங்கிட்டயே இருக்கட்டும்லே. ஏத்தா வள்ளி, கேட்டுல மொத்த ரோட்டையும் நிப்பாட்டிட்டியாமே?" என்றார்.

"நான் எங்க அண்ணாச்சி நிப்பாட்டினேன்?" என்றாள் வள்ளித்தாய். "கொஞ்சம் பொறுங்கன்னுதேன் சொன்னேன்."